ஆயிரம் அடி, ஆயிரம் அடின்னு எழுதுறவங்க எதை அளந்தீங்க?

வட்டம்_21:
நெய்வேலி பத்தின இன்னொரு இழையில ஒருத்தர் "சுரங்கத்தால நிலத்தடி நீர் ஆயிரம் அடிக்குப் போயிடுச்சு"ன்னு எழுதியிருக்கார். ஆளாளுக்கு லைக் போட்டிருக்கீங்க. ஆயிரம் அடிங்கிறது போர் போட்ட ஆழம். தண்ணி நிக்கிற மட்டம் இல்ல. பழுப்பு நிலக்கரிக்குக் கீழ இருக்கிறது ஆர்ட்டீசியன் ஊற்று. அந்த மணல் அடுக்கைத் தொட எவ்வளவு ஆழம் துளைச்சாலும், அழுத்தத்துல தண்ணி தானா குழாய்ல மேல ஏறி நிக்கும். போர் ஆழத்தைக் காட்டி நீர்மட்டம்னு சொல்றது பச்சைப் பொய்.

பரவனாறு:
அப்ப எதுக்கு சார் ஊர் ஊரா மோட்டாரை இறக்கிக்கிட்டே இருக்காங்க? ஒரு காலத்துல இந்தப் பக்கம் குழாய் இறக்குனா மோட்டாரே இல்லாம பொங்கி வழிஞ்சுது. பள்ளிக்கூடப் பாடத்துலயே நெய்வேலி ஊற்றுன்னு படிச்சிருக்கோம். இன்னைக்கு நீர்மூழ்கி மோட்டார் இல்லாம ஒரு சொட்டு வருமா? ஆயிரம் அடி தப்புன்னா சரியான அடியைச் சொல்லுங்க.

வட்டம்_21:
பொங்குனது நின்னதுக்குக் காரணம் இருக்கு, படிங்க. அந்த ஊற்று மேல் நோக்கித் தள்ளுற அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. 60 முதல் 80 மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். மேல 100 மீட்டர் மண் இருக்கிற வரைக்கும் அது மட்டுமே சுமார் 20 கிலோ பாரமா அழுத்துது, ஒண்ணும் ஆகாது. பக்கெட் வீல் (மண் வெட்டுற ராட்சச சக்கர இயந்திரம்) மண்ணை வழிச்சு எடுத்ததும் மிஞ்சுறது கரிப் படுகை மட்டும். 15 மீட்டர் கரின்னா 2 கிலோ கூட தேறாது. 2 கிலோ மூடிக்கு அடியில 8 கிலோ அழுத்தம். அழுத்தத்தைக் குறைக்காம வெட்டுனா தரை பொத்துக்கிட்டு சுரங்கமே ஏரியாகிடும். அதனாலதான் வெட்டு முகத்துக்கு முன்னாடியே வரிசையா போர் போட்டு, ராப்பகலா இறைக்கிறாங்க. வெட்டு நகர்ந்தா பழைய போர் போயிடும், முன்னால புதுசு போடணும். இது இல்லாம கரியும் இல்ல, உங்க வீட்டு கரண்டும் இல்ல.

கரிவெட்டிக்காரன்:
எங்க வீட்டு கரண்டா? கட் ஆகிற கரண்டைச் சொல்றீங்களா, இல்ல சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ்ல அணையாத கரண்டைச் சொல்றீங்களா?

பரவனாறு:
நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அழுத்தத்தைக் குறைக்கிறாங்க. குறைஞ்சா மட்டம் இறங்கும். ஆயிரம் அடி.

வட்டம்_21:
இறங்கலன்னு எங்க சொன்னேன்? ஆயிரம் அடி இறங்கலன்னு சொன்னேன். தமிழ் புரியலயா? அதே அடுக்குலதான் சேத்தியாத்தோப்பு - பண்ருட்டி சாலையோரம் சென்னைக் குடிநீருக்குப் போர் போட்டாங்க. முந்திரிக்கும் கரும்புக்கும் நெல்லுக்கும் இலவச மின்சாரத்துல இறைக்கிறதும் அதே அடுக்குதான். எல்லாப் பழியும் சுரங்கம் தலையிலயா?

போர்_பாஸ்கர்:
சண்டையை நிறுத்திட்டு அளந்து பாருங்கண்ணே. மோட்டாரை ராத்திரி முழுக்க நிறுத்தி வைக்கணும். காலம் பைப்போட (மோட்டார்ல இருந்து தண்ணி மேல வர்ற குழாய்) சேர்த்துக் கட்டி 300 அடிக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் டியூப் இறக்குங்க. மேல டயர் கடை காத்து மீட்டரும் சைக்கிள் பம்பும் மாட்டி காத்து அடிங்க. முள் ஏறி ஒரு இடத்துல நின்னுடும், அதுக்கு மேல அடிச்சாலும் ஏறாது. 1 கிலோவுக்கு 33 அடி. 3 கிலோ காட்டுனா டியூப் நுனிக்கு மேல 99 அடி தண்ணி. ஆக மட்டம் 201 அடி. அப்புறம் மோட்டார் ஓடும்போது இன்னொரு தடவை பாருங்க, அது வேற கணக்கு. முள் ஏறாம கீழயே கிடந்தா டியூப் ஓட்டை, இல்லன்னா தண்ணி 300-க்குக் கீழ. இன்னொண்ணு: இந்த மண்ல ஸ்லாட் பைப்பைச் (தண்ணி உள்ள வர கீறல் போட்ட குழாய்) சுத்தி கூழாங்கல் சரியா நிரப்பலன்னா மணல் வரும். மணல் இம்பெல்லரைத் (மோட்டார் பம்புல தண்ணியைத் தள்ளுற சக்கரம்) தின்னும். தண்ணி குறையும். மட்டம் இறங்கிடுச்சுன்னு பைப் சேர்ப்பாங்க. பாதி புகார் இதுதான்.

கரிவெட்டிக்காரன்:
அப்ப தப்பு போர் போட்ட விவசாயி மேலயா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

போர்_பாஸ்கர்:
பாதின்னுதான் சொன்னேன்ணே.

பரவனாறு:
கீழ் ஊற்றை மட்டுமே பேசுறீங்க. கரிக்கு மேல இருக்கிற மேல் ஊற்று என்னாச்சு? சுரங்க விளிம்புல வெட்டுன சுவர் வழியா கசிஞ்சு பள்ளத்துக்குள்ள இறங்குது. திறந்த கிணறு வத்துறது அதனாலதான். அதுக்கு உங்க 8 கிலோ கணக்கு உதவுமா?

வட்டம்_21:
மேல் ஊற்றுக்கு ஆயிரம் அடி பொருந்தாதுன்னு இப்பவாவது ஒத்துக்கிட்டதுக்கு நன்றி. இறைச்ச தண்ணி எங்க போகுது? வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகுது. அதை வெச்சுத்தான் கீழ நடவு நடக்குது.

கரிவெட்டிக்காரன்:
எங்க தண்ணியை எடுத்து எங்களுக்கே தானம் பண்றீங்க! கூடவே வர்ற சுரங்கச் சேறு ஏரியைத் தூர்க்குதே, அதை எழுத மாட்டீங்களா? 2023 ஜூலைல வளையமாதேவியில நிக்கிற நெல்லு மேல பரவனாற்றைத் திருப்பி விடுற வாய்க்காலுக்காக பொக்லைன் ஓட்டுனது யாரு?

வட்டம்_21:
பேச்சை மாத்தாதீங்க. அந்த நிலம் பல வருஷம் முன்னாடியே கையகப்படுத்துனது. கேள்வி ஆயிரம் அடி.

கரிவெட்டிக்காரன்:
பல வருஷம் சும்மா விட்டுட்டு, அறுப்புக்கு ரெண்டு மாசம் பொறுக்க முடியலயா? ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணத்துல கரி வந்ததாலதான் உங்களுக்கு வட்டம் வட்டமா டவுன்ஷிப்பும் நிழல் மரமும். அந்த மண்ணோட பசங்க இன்னைக்கு ஒப்பந்தக் கூலி.

வட்டம்_21:
கண்டிப்பா அநியாயம், அதுக்குத் தனி இழை தொடங்குங்க. இங்க ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், டியூப் இறக்கி மீட்டர் வெச்சு ஆயிரம் அடின்னு காட்டட்டும்.

பரவனாறு:
நீங்க 300 அடிக்கு மேல நிக்குதுன்னு காட்டுங்க.

வட்டம்_21:
சொன்னவர்தான் நிரூபிக்கணும்.

பரவனாறு:
இறைக்கிறவர்தான் நிரூபிக்கணும். கம்பெனி போர் ஒவ்வொண்ணுலயும் மட்டத்தை எழுதி வைக்கிறாங்கல்ல? அந்த நோட்டை கிராமத்து பஞ்சாயத்துல ஒட்டச் சொல்லுங்க. நானும் வந்து படிக்கிறேன்.

வட்டம்_21:
ஆயிரம் அடிங்கிறது போர் ஆழம். மறுபடியும் மேல போய் படிங்க.