ஜிசிசி உள்ளமைப்புக் கையேட்டில் எழுத்துப்பிழை: எந்தக் கோப்பில் திருத்துவது?

கொழிஞ்சாம்பாறை_வாயனசாலை:
எங்க படிப்புக் குழுவில் ஜிசிசி கம்பைலரின் உள்ளமைப்புக் கையேடு ஓடுது. குறித்து வைத்தவை: ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு தடவை, பிடிஎஃப்பில் ஆப்ஷனுக்கு முன் இரட்டைக் கோடு ஒற்றைக் கோடாகிப் போனது. கையேட்டின் ஒரு கோப்பான டிஎம்.டெக்ஸியில் ஒரு எழுத்தைத் திருத்தினதுக்கே மேக் (பில்ட் செய்யும் கட்டளை) நின்றுபோச்சு. ஏன்?

நகரி_தறி:
நிற்கத்தான் செய்யும். அது கையால் எழுதுற கோப்பு இல்லைங்க, டிஎம்.டெக்ஸி.இன், டார்கெட்.டெஃப் இரண்டிலிருந்தும் உருவாவது. ஹூக் (ஒவ்வொரு டார்கெட்டும் தனக்கேற்ப நிரப்பும் செயல்கூறு) விளக்கம் பெரும்பாலும் டார்கெட்.டெஃப்பில் மேற்கோளுக்குள் இருக்கும், அங்கே திருத்துங்க. பிறகும் மேக் ஒரு தடவை நிற்கும். புது வரிகளை ஜிஎஃப்டிஎல் (க்னூ கட்டற்ற ஆவண உரிமம்) உரிமத்தில் தர உங்களுக்கு அனுமதி உண்டான்னு உறுதி செய்துகிட்டு, பில்ட் டைரக்டரியில் உருவான டிஎம்.டெக்ஸியை சோர்ஸின் டாக் டைரக்டரிக்கு காப்பி பண்ணச் சொல்லும். பண்ணிட்டு மறுபடி மேக். பேட்ச்சில் (அனுப்புற திருத்தத் தொகுப்பில்) மூலக் கோப்பும் உருவான கோப்பும் சேர்ந்தே போகணும். ஒன்று விடுபட்டா அடுத்தவர் பில்ட் நிற்கும்.

சித்தூர்புழை:
கோடு விஷயம். டெக்ஸின்ஃபோவில் (இந்தக் கையேடு எழுதப்படும் குறியீட்டு மொழி) சாதா வரியில் -- போட்டால் அது நீளக் கோடாகும், --- இன்னும் நீளும். அதை காப்பி செய்து டெர்மினலில் ஒட்டினால் கம்பைலருக்கு அது ஆப்ஷனே இல்லை. ஆப்ஷன் பெயரை @ஆப்ஷன்{} உள்ளே வையுங்கள், இரண்டு கோடும் அப்படியே நிற்கும்.

புள்ளியும் கவனிக்கணும். பெரிய எழுத்துக்குப் பின் வரும் புள்ளியை டெக் (பிடிஎஃப்பை அச்சடுக்கும் நிரல்) சுருக்கக்குறி என்றே எடுத்துக்கொள்ளும். வாக்கியம் "ஜிசிசி" என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் முடிந்தால் @. போடுங்கள். வாக்கிய நடுவில் சுருக்கச் சொல்லின் புள்ளிக்குப் பின் @: போடுங்கள், இல்லாவிட்டால் இடைவெளி அகலும். கண்ணுக்குச் சின்னது, பக்கம் முழுக்க வந்தால் வாசிப்பு இடறும்.

கொழிஞ்சாம்பாறை_வாயனசாலை:
இரட்டைச் சொல்லைத் தேட கிரெப் (சொல் தேடும் கட்டளை) போதுமாண்ணா?

நகரி_தறி:
பாதிதான் பிடிக்கும். கிரெப் வரி வரியாப் பார்க்கும். இந்தப் பிழை அதிகம் ஒளியுறது ஒரு வரியின் கடைசியிலும் அடுத்த வரியின் முதலிலும். வரிகளைச் சேர்த்துட்டுத் தேடுங்க. ஆங்கிலத்தில் "தட் தட்" சில இடத்தில் சரியே, வாக்கியத்தைப் படிக்காம அழிக்காதீங்க.

திருத்தின பத்தியை முழுசா மடிச்சு அடுக்கவும் வேண்டாம். ஒரு எழுத்துக்கு 12 வரி டிஃப் (மாற்றப் பட்டியல்) வந்தா, பார்க்கிறவர் எது மாறிச்சுன்னு தேடணும்.

சித்தூர்புழை:
சேஞ்ச்லாக் (மாற்றக் குறிப்பு) கோப்பைத் தொடாதீர்கள். கமிட் செய்தியில் எழுதினால் போதும், தானாக அதில் ஏறிவிடும். கமிட் செய்தியில் அந்தக் குறிப்பின் வரி ஸ்பேஸில் அல்ல, டேப்பில் தொடங்கணும். அனுப்பும் முன் மேக் இன்ஃபோ, மேக் பிடிஎஃப் இரண்டும் ஓட்டி, திருத்தின பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூடாத { ஒன்று போதும், கையேடு அங்கேயே நின்றுவிடும்.