பிரிட்டனின் மீட்பு ஹெலிகாப்டர்களைத் தனியாரிடம் கொடுத்தது சரியா?

கடற்காற்று:
பிரிட்டனில் கடலிலோ மலையிலோ யாராவது மாட்டிக்கொண்டால், 2015 வரை பெரும்பாலும் விமானப்படையின் மஞ்சள் சீ கிங் ஹெலிகாப்டர்தான் வரும். சில இடங்களுக்குக் கடற்படை வரும். இந்தப் பொறுப்பு மொத்தத்தையும் கடலோரக் காவல்படைக்கு மாற்றி, பறக்கும் வேலையைப் பிரிஸ்டோ என்ற தனியார் ஹெலிகாப்டர் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். பத்து வருடத்துக்கு 160 கோடி பவுண்டு. இது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

2004 ஆகஸ்ட் 16 அன்று கார்ன்வாலில் பாஸ்காசில் கிராமத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஏழு ஹெலிகாப்டர்கள் சேர்ந்து கூரைகளிலும் மரங்களிலும் தவித்த சுமார் 100 பேரைத் தூக்கின. அவற்றில் பெரும்பாலானவை ராணுவத்தினுடையவை. ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒரு நிறுவனம் எங்கிருந்து கொண்டுவரும்?

மலையேறி:
அண்ணா, இது 2015-இல் திடீரென்று முளைத்த ஏற்பாடு இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளின் சம்பரோவில் 1983-லேயே கடலோரக் காவல்படைக்காகப் பிரிஸ்டோ பறக்கத் தொடங்கிவிட்டது. அங்கே அடிக்கும் காற்றுக்கு ஈடுகொடுத்தவர்களுக்கு மற்ற இடங்கள் முடியாதா? சீ கிங்கோ 1978-லிருந்து விமானப்படையில் ஓடிய வண்டி. புதிதாக வந்தவை அதைவிட வேகமானவை.

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். 2018-இல் வேல்ஸில் டிரைஃபான் மலையில் என் நண்பன் சறுக்கி முழங்கால் உடைந்தது. தன்னார்வ மீட்புக் குழு ஏறி வந்து அவனை ஸ்ட்ரெச்சரில் கட்டியது. கேர்னார்வனிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக ஹெலிகாப்டர் வந்ததும், விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் பைகளின் மேல் உட்கார்ந்துகொண்டோம். கம்பியில் தொங்கி இறங்கும் மீட்பாளரை வின்ச்மேன் என்பார்கள். அவர் இறங்கும்போது பிடிக்க எழுந்தேன். "தொடாதே, முதலில் தரையைத் தொடட்டும்!" என்று குழுவில் ஒருவர் கத்தினார். ஹெலிகாப்டரில் சேரும் மின்னேற்றம் கம்பி வழியாக இறங்குமாம், தொட்டால் தூக்கிப்போடும். வின்ச்மேன் பாறையில் காலை ஊன்றி, நேராக நண்பனிடம் போய்ப் பெயரைக் கேட்டார். அந்த நேரத்தில் அவர் சம்பளம் யார் தருவது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வானம்பாடி:
மலையேறி, நண்பர் பிழைத்தது பெரிய நிம்மதி. ஆனால் அந்த வின்ச்மேனுக்கு யார் பயிற்சி கொடுத்தது? 2015-இல் வேலைக்குச் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் விமானப்படையிலும் கடற்படையிலும் தேறியவர்கள். அந்தப் பள்ளிக்கூடத்தை மூடியாகிவிட்டது. இனி ஒவ்வொருவரையும் அடியிலிருந்து உருவாக்க வேண்டும், அதற்கு வருடக்கணக்கில் ஆகும். என் கவலை அதுதான்.

மலையேறி:
நியாயமான கவலை. ஆனால் மூடிய பள்ளி திரும்ப வராது. பயிற்சிக்கு இத்தனை மணி நேரம், இத்தனை இரவுப் பறப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவதுதான் வழி. 2022-இல் அடுத்த பத்து வருடமும் பிரிஸ்டோவுக்கே போயிருக்கிறது. அரசு கறாராக இருக்க வேண்டிய இடம் அது.

கடற்காற்று:
சரி, ஆட்கள் திறமையானவர்கள், ஒத்துக்கொள்கிறேன். தளங்களைப் பாருங்கள். பன்னிரண்டு இருந்தது பத்தானது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், நார்தம்பர்லாந்தில் இருந்த பௌல்மர் தளம் போனது. இன்று அந்தக் கரையில் படகு கவிழ்ந்தால் தெற்கே ஹம்பர்சைடிலிருந்தோ மேற்குக் கரையில் பிரெஸ்ட்விக்கிலிருந்தோ வர வேண்டும். வேகமான ஹெலிகாப்டர்தான். ஆனால் வட கடலின் குளிரில் கிடப்பவனுக்கு நிமிடம்தான் கணக்கு.

மலையேறி:
பௌல்மர் விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன். அங்கே ஒரு தளம் இருந்திருக்க வேண்டும். அதில் யார் பறந்தாலும் சரி.