மூளைக்கு மறுபடியும் எம்ஆர்ஐ: இந்தத் தடவை ‘ஸ்பெக்ட்ரோ’ எதற்கு?

பெரியபட்டினத்தான்:
வாப்பாவுக்கு 61 வயது. முப்பது வருஷம் சங்கு குளித்தவர். போன மாதம் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்துவிட்டது. மதுரையில் எம்ஆர்ஐ எடுத்தோம். மூளையில் வளையம் போல ஒரு கட்டி. காசநோய்க் கட்டியா வேறு ஏதாவதா என்று பார்க்க, அதே மெஷினில் ‘ஸ்பெக்ட்ரோ’ எடுக்கச் சொல்கிறார் டாக்டர். முதல் தடவையே தெரியாததா? கதிர்வீச்சு வேறு பயமாக இருக்கிறது.

இன்னொரு கூத்து. அசையக் கூடாது என்றதும் வாப்பா, கடலில் இறங்குவது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். முடியாமல் போனதும் உடம்பைத் தூக்கிப் போட்டு, படம் கலங்கிவிட்டது. திட்டு எனக்கு.

காந்தஅறை:
தம்பி, நான் தங்கச்சிமடம்தான். இப்போது சென்னையில் எம்ஆர்ஐ டெக்னீசியன். கதிர்வீச்சே கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான்.

சாதாரண எம்ஆர்ஐ பெரும்பாலும் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனைக் கேட்டுப் படம் வரையும். ஸ்பெக்ட்ரோவில் அந்தத் தண்ணீரை அடக்கிவிடுவோம். ஏலம் நடக்கும் இடத்தில் ஒலிபெருக்கியை நிறுத்தினால்தானே பக்கத்தில் முணுமுணுப்பவர் பேச்சு கேட்கும்? தண்ணீரின் சத்தம் மூளையில் உள்ள மற்ற ரசாயனங்களின் சத்தத்தைப் போலச் சுமார் பத்தாயிரம் மடங்கு. அடக்கியபின் படம் வராது, மேடு மேடாக ஒரு கோடு வரும். கோட்டின் அடியில் உள்ள அளவுகோலில் மேடு எந்த எண்ணில் நிற்கிறது என்பதை வைத்து அது எந்த ரசாயனம் என்று தெரியும். 2.0-இல் நிற்பது என்ஏஏ என்ற நரம்பணு ரசாயனம், நரம்பணுக்கள் நலமாக இருந்தால் உயரமாக இருக்கும். 3.2-இல் நிற்பது கோலின் என்ற இன்னொரு ரசாயனம், புற்றுக் கட்டி என்றால் அது ஏறி, என்ஏஏ இறங்கும். காசநோய்க் கட்டியில் 0.9-க்கும் 1.3-க்கும் நடுவே கொழுப்பு மேடு எழும். ஆனால் அழுகிய புற்றிலும் கொழுப்பு வரும். அதனால் இதை மட்டும் வைத்து டாக்டர் முடிவு கட்டமாட்டார். கட்டி மண்டையோட்டை ஒட்டி இருந்தால் தலைத்தோலின் கொழுப்பே கோட்டைக் கெடுத்துவிடும்.

வாப்பா மூச்சு விடட்டும்! மூச்சை அடக்கினால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி, மூளைக்குப் போகும் ரத்தம் கூடும். மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் செயல்சார் எம்ஆர்ஐயில் சில சோதனைகளுக்கு நாங்களே வேண்டுமென்று மூச்சைப் பிடிக்கச் சொல்வோம். ஆக்சிஜன் இழந்த ரத்தம் காந்தத்தைக் கொஞ்சம் கலைக்கும். அதை வைத்து மூளையைப் பார்க்கலாம் என்று 1990-இல் ஜப்பானிய விஞ்ஞானி ஒகாவா காட்டினார். உங்கள் வாப்பாவுக்கு இப்போது அது தேவையில்லை.

கீழக்கரை அக்கா:
அரைஞாணையும் தாயத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். எங்கள் மச்சான் வாசலில் வைத்து முடிச்சை அவிழ்க்க முடியாமல் பட்ட பாடு இருக்கிறதே!

பெரியபட்டினத்தான்:
தாயத்து சரி. ஆனால் வாப்பா கொஞ்ச நாள் வள்ளத்து இன்ஜின் பட்டறையில் கிரைண்டிங் செய்தார். கண்ணில் இரும்புத் தூள் விழுந்து எடுத்திருக்கிறோம். போன தடவை இதைச் சொல்லவில்லை.

காந்தஅறை:
அதை முதலில் சொல்லுங்கள். கண்ணுக்குள் துணுக்கு மிச்சம் இருந்தால் காந்தம் அதை அசைத்துவிடும். போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்று சும்மா இருக்காதீர்கள். கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

பெரியபட்டினத்தான்:
சரி அண்ணே. வியாழக்கிழமை போகிறோம். வாப்பாவிடம் சொன்னேன். “மூச்சு விடலாமா? இதை அந்தப் பையன் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே” என்கிறார்.