அக்செஷன் எண்: 'ஏற்பு எண்' எனலாமா?

நூலகர் ஐயாவுக்கு வணக்கம்.

ஒரு பொருளை உடைமையாக ஏற்றுப் பதிவேட்டில் பதியும்போது அதற்குத் தரும் நிலையான அடையாள எண்ணே அக்செஷன் எண் (accession number). அதற்கு நூலகத்தில் 'சேர்க்கை எண்' என்ற சொல் நன்றாகவே பொருந்துகிறது. விலைக்கு வாங்கினாலும் நன்கொடையாக வந்தாலும் புத்தகம் நூலகத்துக்கே உரியது. தில்லியில் அருங்காட்சியகத் தரவுத்தளம் ஒன்றைப் பராமரிக்கும் நான் தினமும் இடறுவது இந்த இடத்தில்தான். இங்கே ஒரு பொருள் வாசலுக்குள் வருவது வேறு, நமக்கு உடைமையாவது வேறு. கண்காட்சிக்கு இரவலாக வந்த செப்புத் திருமேனி ஆறு மாதம் நம் காப்பறையில் இருக்கும். அதற்கு வரவுச் சீட்டு உண்டு, அக்செஷன் எண் கிடையாது. பிரிட்டனில் உருவான 'ஸ்பெக்ட்ரம்' என்னும் அருங்காட்சியகச் சேகரிப்பு மேலாண்மை நெறிமுறையும் இவ்விரண்டைத் தனித்தனி நடைமுறைகளாகவே வைத்திருக்கிறது. முதலாவதற்கு 'வரவு' இருக்கட்டும். இரண்டாவதற்கு 'ஏற்பு' என்பது என் பரிந்துரை. ஏற்பு எண், ஏற்புப் பதிவேடு, ஏற்பு நாள்.

இந்தியில் இதைப் 'பரிக்ரஹண் சங்க்யா' என்கிறார்கள். அதுவும் ஏற்றுக்கொள்ளுதல்தான். 'ஏற்பது' இரப்பதையும் குறிக்குமே என்று கேட்டிருந்தீர்கள். பதவியேற்பு, பொறுப்பேற்பு என்று நாளிதழில் படிக்கும்போது யாருக்கும் இரத்தல் நினைவுக்கு வருவதில்லை. இங்கே நடப்பதும் ஒரு பொறுப்பேற்புதான்.

'வரிசை எண்' என்று சிலர் எழுதியிருந்தார்கள். மனம் ஒப்பவில்லை. ஒரு வெண்கல விளக்கின் அடியில் 62.148/3 என்று இருக்கிறது என்று வையுங்கள். பல பதிவேடுகளின் வழக்கப்படி அது 1962இல் ஏற்ற 148ஆம் தொகுதியின் மூன்றாவது உருப்படி. பாரலாய்டு பி-72 என்னும் பிசினைக் கரைத்து மெல்லிய பூச்சாகத் தடவி, உலர்ந்தபின் அதன்மேல் மையால் எண்ணை எழுதி, மறுபடி ஒரு பூச்சு கொடுப்பார்கள். தேவைப்பட்டால் அசிட்டோனில் நனைத்த பஞ்சால் உலோகத்துக்குச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம். விளக்கையும் பதிவையும் இணைப்பது அந்தச் சிறு எழுத்துதான். அது போய்விட்டால், விளக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்ல ஆளில்லை. வரிசை மாறலாம், இந்த எண் மாறக் கூடாது.

ஏற்ற பொருளை முறைப்படி உடைமையிலிருந்து விடுவதை டிஅக்செஷன் (deaccession) என்கிறார்கள். அதற்கு 'நீக்கம்' வேண்டவே வேண்டாம். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் திரையில் 'நீக்கு' என்றே மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். வேறோர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்ட 11 நாணயங்களின் பதிவுகளை, புதிதாகச் சேர்ந்த இளைஞர் அந்தப் பொத்தானை அழுத்தி அடியோடு அழித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல் அதைத்தானே செய்யச் சொன்னது. காப்புப்படியிலிருந்து மீட்க நான்கு நாட்கள் ஆயின. பொருள் கைமாறினாலும், யாருக்கு, எப்போது, யார் ஒப்புதலோடு போனது என்பதற்காகப் பதிவு நிலைத்திருக்க வேண்டும். அந்த எண்ணை இன்னொரு பொருளுக்குக் கொடுக்கவும் கூடாது. நாம் விடுவது உடைமையை மட்டுமே என்பதால் 'துறப்பு' என்கிறேன். ஏற்புக்கு இணையாகவும் நிற்கிறது.

துறப்பில் துறவின் சாயல் மிகுதி என்று தோன்றினால் வேறு சொல் தாருங்கள், மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்கிறேன். 'விடுப்பு' மட்டும் வேண்டாம். அலுவலகங்களில் அது வேறு பொருளில் ஊன்றிவிட்டது. தரவுத்தளத் திரையில் வரும் சொற்களின் பட்டியலைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.