1966 எம்ஜிபி ரோட்ஸ்டர்: டைனமோவைத் திரும்ப மாட்டியபின் சிவப்பு லைட் அணையவில்லை, ஆர்பிஎம் மீட்டர் அசையவில்லை

அல்சூர்_ரோட்ஸ்டர் (கேள்வி)

வணக்கம். வண்டி 1966 எம்ஜிபி (பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்), சேசிஸ் நம்பர் ஜி-எச்என்3 என்று தொடங்குகிறது, எஞ்சின் 18ஜிபி. முன்பு யாரோ மாருதி 800 ஆல்டர்னேட்டர் போட்டு நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் மைனஸ் முனை பாடியில்) ஆக்கியிருந்தார்கள். பானட்டைத் திறந்தால் ஃபேக்டரியில் இருந்தபடி தெரிய வேண்டும் என்பதற்காக, பெங்களூரு சிவாஜி நகரில் கிடைத்த லூகாஸ் சி40 டைனமோவும் (ஆல்டர்னேட்டருக்கு முந்தைய காலத்து ஜெனரேட்டர்) ஆர்பி340 கட்-அவுட் பாக்ஸும் (சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாட்டி, பேட்டரியை பாசிட்டிவ் எர்த்துக்கு மாற்றியாச்சு. மூன்று கோளாறு:

1. சிவப்பு சார்ஜிங் லைட் அணையவே இல்லை.
2. ஆர்பிஎம் மீட்டர் முள் செத்துக் கிடக்கிறது.
3. ஐடிலிங் 1,200க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

டைனமோவே கெட்டதா?

கட்டவுட்_மணி

தம்பி, ஒரே ஒரு கேள்வி. ஆக்சிலேட்டர் கொடுத்தால் அந்த லைட் மங்குதா, அப்படியே நிற்குதா, இல்லை இன்னும் பளிச்சென்று எரியுதா?

அல்சூர்_ரோட்ஸ்டர்

கவனித்தேன் அண்ணா. ரேஸ் பண்ணப் பண்ண பிரகாசம் கூடுகிறது.

கட்டவுட்_மணி

அப்படின்னா எஞ்சினை உடனே ஆஃப் பண்ணி பேட்டரி கிளாம்பைக் கழற்றிடுங்க. டைனமோ நல்லாத்தான் இருக்கு. தலைகீழா சார்ஜ் ஆகுது, அவ்வளவுதான்.

அந்த லைட்டுக்கு ஒரு பக்கம் இக்னிஷன் வழியா பேட்டரி, மறுபக்கம் டைனமோவின் டி முனை (கரண்ட் வெளியே வரும் பெரிய முனை). ரெண்டு பக்கமும் ஒரே மின்னழுத்தம் வந்தால் லைட் அணையும். டைனமோ எதிர் துருவத்தில் உற்பத்தி பண்ணினால் ரெண்டும் கூடிப்போய் 12 வோல்ட் பல்பு மேல 20க்கு மேல விழும். அதனால்தான் பளிச்சுன்னு எரியுது. இதை விட ஆபத்து கட்-அவுட்டில் (டைனமோவைப் பேட்டரியோட இணைக்கும் காந்த சுவிட்ச்). அதன் காயிலுக்குத் துருவம் தெரியாது. 13 வோல்ட் பக்கம் வந்ததும் மூடிக்கும். மூடினா பேட்டரியும் டைனமோவும் நேருக்கு நேர் மோதி, கட்-அவுட்டின் தொடு பாயிண்ட் ஒட்டிக்கும்.

சரி பண்ணும் வரிசை:

முதலில் பழைய ஆல்டர்னேட்டர் வேலையின் மிச்சத்தைத் தேடுங்க. பாக்ஸ் இருந்த இடத்தில் பிரவுன் வயரையும் பிரவுன்-மஞ்சள் வயரையும் சேர்த்து முறுக்கியிருப்பாங்க. அதைப் பிரிக்காவிட்டால் பேட்டரி டைனமோவை மோட்டார் மாதிரி சுற்றப் பார்க்கும், ஆர்மேச்சர் (டைனமோ உள்ளே சுற்றும் பகுதி) கருகும். பாக்ஸில் பிரவுன் பி முனைக்கு, தடித்த பிரவுன்-மஞ்சள் டிக்கு, பிரவுன்-பச்சை எஃபுக்கு, மெல்லிய பிரவுன்-மஞ்சள் டபிள்யூஎல்லுக்கு, கறுப்பு ஈக்கு.

அடுத்து துருவம். டைனமோவில் டி, எஃப் ரெண்டு வயரையும் கழற்றுங்க. பேட்டரியை மாட்டி, எர்த் ஆகாத முனையிலிருந்து (உங்க வண்டியில் நெகட்டிவ்) ஒரு தனி வயர் எடுத்து, டைனமோவின் எஃப் முனையில், அதாவது சின்ன முனையில், மூணு நாலு தடவை தொட்டுத் தொட்டு எடுங்க. லேசாப் பொறி வரும். போதும்.

மாட்டும் முன் டைனமோவைத் தனியாச் சோதிங்க. டி, எஃப் ரெண்டையும் சின்ன வயரால் இணைத்து, அதுக்கும் பாடிக்கும் நடுவில் மீட்டர் வைத்து, எஞ்சினை மெதுவா ஏற்றுங்க. வோல்ட் தடுமாறாம சரசரன்னு ஏறணும். 20ஐத் தொடவிடாதீங்க. ஒரு வோல்ட்டுக்குள் நின்றால் ஃபீல்டு காயில், 4-5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர் காயில் கட்டணும். ஒண்ணுமே வரலைன்னா கார்பன் பிரஷ் தேய்ஞ்சிருக்கும்.

கட்-அவுட் பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் மட்டும் துடைங்க. எமரி கூடவே கூடாது.

ஆறு_வோல்ட்

மணி அண்ணன் சொன்னதோடு இக்னிஷன் காயிலையும் பாருங்க. ப்ளஸ், மைனஸ் போட்ட புது காயில் என்றால் பாசிட்டிவ் எர்த்தில் ப்ளஸ் முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகணும். தலைகீழா இருந்தாலும் வண்டி ஓடும். ஆனால் ஸ்பார்க் பலவீனமாகும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே நெகட்டிவ் எர்த் எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல் ஒளிந்திருந்தால் எடுத்துவிட்டு பழைய மாதிரி கான்டாக்ட் பாயிண்ட் போடுங்க, இடைவெளி 0.014 முதல் 0.016 இஞ்ச்.

ஆர்பிஎம் மீட்டர் இன்னும் முக்கியம். 18ஜிபியில் வருவது எலெக்ட்ரானிக் ஸ்மித்ஸ். பழைய மூன்று பேரிங் வண்டியின் கேபிள் மீட்டர் இல்லை. காயிலுக்குப் போகும் வெள்ளை வயர் அதன் முதுகில் ஒரு வளையமாகச் சுற்றிப் போகும். நெகட்டிவ் எர்த் ஆக்கினவர் உள்ளே சப்ளையையும் பாடி எர்த்தையும் மாற்றி, வளையத்தையும் திருப்பியிருப்பார். அந்த மீட்டருக்கு இப்போ தலைகீழா கரண்ட் கொடுத்தால் டிரான்சிஸ்டர் போய்விடும். சப்ளை வயரை உருவிவிட்டு, மீட்டரைக் கழற்றி ரெண்டையும் பழையபடி திருப்பிய பிறகு மாட்டுங்க. டேஷ்போர்டில் ஃபோன் சார்ஜர், ரேடியோ இருந்தாலும் கழற்றிடுங்க. அவற்றின் உலோக உடல் நெகட்டிவ், பாடியில் பட்டால் ஷார்ட்.

அல்சூர்_ரோட்ஸ்டர்

மீட்டரின் சப்ளை வயரை எடுத்தாச்சு. காயில் தலைகீழாத்தான் இருந்தது, திருப்பினேன். பேட்டரி கிளாம்பு மட்டும் பொருந்தவில்லை.

ஆறு_வோல்ட்

பொருந்தாது. ப்ளஸ் முனை தடிமன் அதிகம். ஜேசி ரோட்டில் சரியான அளவு கிளாம்பு ரெண்டு வாங்கிடுங்க, பழையதை விரித்து அடிக்காதீங்க.

கார்ப்_ட்யூனர்

ஐடிலிங் விஷயம் வேற. உங்க எஞ்சினில் இன்லெட் மேனிஃபோல்டு மேல காளான் மாதிரி ஸ்மித்ஸ் பிசிவி வால்வு (எஞ்சின் உள்ளே சேரும் புகையை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் வால்வு) இருக்கணும். இதற்கு முந்தைய 18ஜிஏ எஞ்சினில் வந்து, 18ஜிபியிலும் தொடர்ந்தது. அதன் ரப்பர் டயஃப்ரம் கிழிந்தால் மேனிஃபோல்டுக்குள் வேண்டாத காற்று போய் ஐடிலிங் ஏறும். எஞ்சின் சூடானதும் ஐடிலில் ஆயில் மூடியைத் திறங்க: சுமார் 200 ஆர்பிஎம் ஏறினால் வால்வு நல்லா இருக்கு. அசையவே இல்லையென்றால் டயஃப்ரம் மாற்றுங்க. மூடியும் காற்றுத் துளை உள்ளதா இருக்கணும். அடைத்த மூடி போடக் கூடாது. இதைச் சரி பண்ணாமல் எஸ்யூ எச்எஸ்4 கார்ப் ஸ்க்ரூவில் கை வைக்காதீங்க.

ஒரிஜினல் தோற்றம் வேண்டும் என்பதால் இதையும் பாருங்க: ஃபேக்டரி செல்ஃப் மோட்டாரில் சோலினாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் இணைக்கும் காந்த சுவிட்ச்) கிடையாது. அது ஃபெண்டர் உட்புறத்தில் தனியா, ரப்பர் பட்டனோடு இருக்கும். மோட்டார் மேலயே சோலினாய்டு இருந்தால் ஃப்ளைவீல் ரிங் 1967க்குப் பிந்தையது; மோட்டாரை மட்டும் மாற்றினால் பல் சேராது. பானட்டில் காந்தம் ஒட்டக் கூடாது, அந்த வருஷத்தில் அலுமினியம்தான்.

அல்சூர்_ரோட்ஸ்டர்

முறுக்கிய வயரைப் பிரித்து, எஃப் முனையைத் தொட்டெடுத்தேன். லைட் ஐடிலில் லேசாக மினுங்கி, கொஞ்சம் ஏற்றியதும் அணைகிறது. மூடியைத் திறந்தால் ஐடிலிங் அசையவில்லை, டயஃப்ரம் தேடுகிறேன். செல்ஃப் பட்டன் ஃபெண்டரில் இருக்கிறது.

கட்டவுட்_மணி

ஐடிலில் மினுங்கினால் சரிதான், டைனமோ அப்படித்தான். ஃபேன் பெல்ட் நீளப் பக்கத்தில் அரை இஞ்ச் ஆடட்டும். பின் பேரிங் துளையில் நாலு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்க. அதுக்கு மேல விட்டால் கார்பன் நனையும்.