பெல்ஃபாஸ்ட்டில் இரவில் பூட்டும் கதவுகள்: அங்கே போனவர்கள், இருப்பவர்கள் சொல்லுங்கள்

பொருநைக்கரை:

மகள் வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட்டில் படிக்கிறாள். போன செப்டம்பரில் அவளோடு மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். ஊர் திரும்பி இத்தனை மாதமாகியும் ஓர் இரும்புக் கதவு மனத்தை விட்டு அகலவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. எங்கள் ஊரில் ஒருவர் கிறிஸ்தவர் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்பதுதான். நாங்கள் சி.எஸ்.ஐ. என் தம்பி மனைவி ஆர்.சி. அவர்கள் கல்யாணத்துக்கு முன் இரண்டு மாதம் வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. முதல் பேரப்பிள்ளை பிறந்ததும் அது போன இடம் தெரியவில்லை. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என்ற பிளவில் நான் அறிந்தது அவ்வளவுதான். அதே இரண்டு சொற்களின் பேரில் ஒரு சிறிய நாட்டில் முப்பது ஆண்டுகளில் மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள் என்பதை நேரில் போய் நிற்கும் வரை நான் உணரவில்லை. அங்கே அது வேதத்தைப் பற்றிய சண்டை அல்ல என்பதும் போன பிறகுதான் புரிந்தது. அயர்லாந்தோடு சேர வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள். வீடு, வேலை, ஓட்டு, போலீஸ் என எல்லாவற்றிலும் அந்தக் கோடு ஓடியிருக்கிறது.

மகள் ஒரு நடைச் சுற்றுலாவுக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். முதல் பாதியை நடத்தியவர், அயர்லாந்தோடு சேர ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தில் இருந்து பல ஆண்டுகள் சிறையில் கழித்தவர். கத்தோலிக்கர் வாழும் ஃபால்ஸ் சாலை வழியாகக் கூட்டிப் போனார். பாபி சாண்ட்ஸின் பெரிய சுவரோவியத்தின் முன் நிறுத்தினார். 1981இல் சிறையில் 66 நாள் உண்ணாவிரதம் இருந்து, எம்.பி.யாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையிலேயே இறந்தவர் அவர். வயது 27. அவருக்குப் பின்னால் அதே போராட்டத்தில் இன்னும் ஒன்பது பேர் இறந்தார்கள்.

அங்கிருந்து குளோனார்ட் பகுதி. தெருப் பெயர்ப் பலகைகளைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். பம்பாய்த் தெரு, காஷ்மீர் சாலை, கான்பூர்த் தெரு, லக்னோத் தெரு. பேரரசு நம் ஊர்ப் பெயர்களைக் கொண்டுபோய், நூற்பாலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த சந்துகளுக்கு வைத்திருக்கிறது. அந்தப் பம்பாய்த் தெருதான் 1969 ஆகஸ்டில் கொளுத்தப்பட்டது. கத்தோலிக்கக் குடும்பங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடின. அடுத்த மாதமே ராணுவம் இரு பகுதிகளுக்கும் நடுவே முள்கம்பி போட்டது. தற்காலிகம்தான் என்று தளபதி அன்று உறுதி சொன்னாராம். முள்கம்பி தகரமானது, தகரம் கான்கிரீட் ஆனது, கான்கிரீட்டின் மேல் இரும்புத் தகடு, அதற்கும் மேல் வலை. இன்று அது மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறது. அதன் பெயர் அமைதிச் சுவர்.

பம்பாய்த் தெரு வீடுகளின் கொல்லைப்புறம் சுவரை ஒட்டியே இருக்கிறது. ஒவ்வொரு கொல்லைக்கும் மேலே இரும்பு வலை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வீசப்படும் கல்லும் பாட்டிலும் வீட்டின் மேல் விழாமல் இருக்க அந்தக் கூண்டு. ஒரு வீட்டு வாசலில் என் வயதுடைய ஓர் அம்மா நின்றிருந்தார். பேச்சுக் கொடுத்தோம். "இந்தச் சுவரை எடுத்துவிட்டால் நன்றாக இருக்காதா?" என்று நான் கேட்டேன். நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்கள் இன்று இரவு எங்கே தூங்குவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். மகளின் அறை ஊரின் தென்பகுதியில், பல்கலைக்கழகத்துக்கு அருகே. சொன்னேன். "நான் இங்கே தூங்குவேன்" என்றார்.

பிறகு சுவரில் இருக்கும் கதவுக்கு வந்தோம். பகலில் திறந்திருக்கும், இரவில் பூட்டிவிடுவார்கள். வழிகாட்டி கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார். "இதற்கு மேல் அவர் சொல்வார்" என்றார். அந்தப் பக்கம் இன்னொருவர் காத்திருந்தார். அவரும் சிறையில் இருந்தவர், பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழுவைச் சேர்ந்தவர். இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். கை குலுக்கவில்லை, பேசவில்லை. நாங்கள் ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்குப் போனோம்.

அவர் புராட்டஸ்டண்டுகள் வாழும் ஷாங்கில் சாலையில் ஒரு மீன் கடை இருந்த இடத்தைக் காட்டினார். 1993 அக்டோபர் 23, சனிக்கிழமை. ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு முன்னதாகவே வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். அதில் இரண்டு சிறுமிகள். குண்டைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரும் அந்தப் பத்துப் பேரில் அடக்கம். முதல் பாதியில் இந்தக் கடையைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இரண்டாம் பாதியில் பம்பாய்த் தெருவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

சுவரின் அந்தப் பக்கம் முழுவதும் உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். அன்பு, சமாதானம், சுவரை இடியுங்கள். என்னிடமும் ஒரு பேனா நீட்டினார்கள். "இவைகளில் அன்பே பெரியது" என்று தமிழில் எழுத வேண்டும் என்று முந்தின இரவே முடிவு செய்திருந்தேன். அந்த அம்மாவின் கேள்வி காதில் இருந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அங்கே வாழ்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான் செய்தது சரியா?

குமரிக்காற்று:

அம்மா, நான் பெல்ஃபாஸ்ட்டில் செவிலியர். நாகர்கோவிலிலிருந்து 2004இல் வந்தேன். நீங்கள் பேனாவைத் திருப்பிக் கொடுத்ததைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இரவுப் பணிக்குப் போகும்போது அந்தக் கதவுகள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பகலில் பத்து நிமிடம் நடந்தால் போய்விடக்கூடிய இடத்துக்கு இரவில் ஊரைச் சுற்றி டாக்ஸியில் போக வேண்டும். டாக்ஸி ஓட்டுபவரே சில தெருக்களுக்குள் நுழைய யோசிப்பார். வந்த புதிதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடைபாதை ஓரக் கற்களில் பிரிட்டன் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம் பூசியிருந்தால் ஒரு பக்கம். அயர்லாந்துக் கொடியின் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு என்றால் மறுபக்கம். இங்குள்ள இன்னோர் ஊரின் பெயரை 'டெரி' என்று சொன்னால் கத்தோலிக்கர், 'லண்டன்டெரி' என்று சொன்னால் புராட்டஸ்டண்ட். எட்டாவது ஆங்கில எழுத்தை 'எய்ச்' என்பவர், 'ஹெய்ச்' என்பவர் என்றுகூடப் பிரித்துவிடுவார்கள். யாரும் நேரடியாக மதத்தைக் கேட்க மாட்டார்கள். எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேட்பார்கள், அது போதும். பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இன்றும் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். இரு தரப்பும் சேர்ந்து படிப்பதற்கென்றே 1981இல் முதல் பள்ளி 28 பிள்ளைகளோடு தொடங்கியது. இன்றும் அப்படிப்பட்ட பள்ளிகளுக்குப் போவோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

ஒருமுறை என் வார்டில் இரண்டு முதியவர்கள் அடுத்தடுத்த படுக்கையில் இருந்தார்கள். ஒருவர் என்னைக் கூப்பிட்டு மெல்லிய குரலில், "பக்கத்தில் இருப்பவர் எந்தத் தெரு?" என்று கேட்டார். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நோயாளியைப் பற்றிச் சொல்லக் கூடாது என்றேன். அன்று மாலை மற்றவரின் குடும்பம் வந்து ஜெபமாலை சொல்லத் தொடங்கியது. அவருக்கு விடை கிடைத்துவிட்டது. தடுப்புத் துணியை இழுத்துவிடச் சொன்னார். ஆறு நாள் அந்தத் துணி அப்படியே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்ட் 3. நகர மன்றத்தின் முன் குடியேறியவர்களுக்கு எதிராகக் கூட்டம் கூடியது. பிரிட்டன் கொடியும் அயர்லாந்துக் கொடியும் அன்று ஒரே பக்கம் நின்றன. இருபது ஆண்டுகளில் நான் பார்க்காத காட்சி. எங்களைப் போன்றவர்களின் கடைகளை உடைத்தார்கள், கொளுத்தினார்கள். நான் இரண்டு நாள் ஜன்னலைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பணிக்குப் போக வேண்டும். உடன் வேலை செய்யும் இருவர் முறை வைத்துக் காரில் கூட்டிப் போனார்கள். ஒருவர் ஃபால்ஸ் பக்கத்துப் பெண், மற்றவர் ஷாங்கில் பக்கத்தவர். இந்த ஊரைப் பற்றி யாராவது என்னிடம் ஒரே வார்த்தையில் நல்லதா கெட்டதா என்று கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஏடும்எழுத்தும்:

நான் நான்கு நாள் மட்டுமே இருந்தேன். இரண்டு இடங்களைச் சொல்கிறேன், பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஃபால்ஸ் சாலையில் உள்ள நகரக் கல்லறைத் தோட்டம். 1869இல் திறந்தது. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் ஒதுக்கிய பகுதிகளுக்கு நடுவே மண்ணுக்கடியில் ஒன்பது அடி ஆழத்துக்குச் சுவர் கட்டியிருக்கிறார்கள். மேலே புல்தான் தெரியும். செத்தவர்கள் கலந்துவிடக் கூடாது என்று ஒரு சுவர்! பம்பாய்த் தெரு எரிவதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்பு. பிரச்சினை 1969இல் தொடங்கியது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது, வடக்கே அலெக்சாண்ட்ரா பூங்கா. குழந்தைகள் விளையாடும் பூங்காவின் நடுவே மூன்று மீட்டர் உயரத் தகரச் சுவர். அதை எழுப்பத் தொடங்கியது 1994 செப்டம்பரில், ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்த கையோடு. 2011இல்தான் அதில் ஒரு சிறு கதவு வைத்தார்கள், பகலில் மட்டும் திறப்பதற்கு. நான் போனபோது ஒரு பாட்டி பேரனை அந்தக் கதவு வழியாக அழைத்துவந்து ஊஞ்சலில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாச் சுவர்களையும் 2023க்குள் அகற்றுவோம் என்று அரசு 2013இல் அறிவித்தது. அந்த ஆண்டு வந்து போய்விட்டது, பெரும்பாலான சுவர்கள் அப்படியே நிற்கின்றன.

வல்லைவெளி:

நான் யாழ்ப்பாணத்தவன், லண்டனில் வசிக்கிறேன். எனக்குச் சுவர் பெரிதாகப் படவில்லை. சோதனைச் சாவடிகளின் நடுவே வளர்ந்தவனுக்கு அது பழகிய காட்சி. என்னை நிறுத்தியது பம்பாய்த் தெரு முனையில் உள்ள நினைவுத் தோட்டம். இறந்த போராளிகளின் பெயரும் பொதுமக்களின் பெயரும் கல்லில் வெட்டியிருக்கிறது. பூ வைக்கிறார்கள். போலீஸ் வந்து கேட்கவில்லை. சுவரைத் தாண்டினால் மற்றவர்களின் பெயர்கள், அவர்களின் பூ. எங்கள் ஊரில் இறந்த போராளிகளின் கல்லறைகள் இருந்த துயிலுமில்லங்களைப் போருக்குப் பின் இராணுவம் இடித்துத் தரைமட்டமாக்கியது. என் அண்ணனுக்கு நடுகல் இல்லை. அந்தத் தோட்டத்தில் நான் யாருக்காக நின்றேன் என்று உடன் வந்த நண்பன் கேட்கவில்லை. அதற்கு அவனுக்கு நன்றி.

கருவேலம்:

எல்லாரும் உருகி எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு மறுப்பு உண்டு. துப்பாக்கி எடுத்தவர்கள் வழிகாட்டிகளாக ஆகிவிட்டார்கள். இரண்டு பக்கமும் அவர்கள் குரலைத்தான் காசு கொடுத்துக் கேட்கிறோம். அந்த நடையில் டிவிஸ் கோபுரத்தைக் கடந்திருப்பீர்கள். 1972 டிசம்பரில் அந்தக் குடியிருப்பிலிருந்து ஜீன் மெக்கன்வில் என்ற விதவையை ஐ.ஆர்.ஏ. இழுத்துப் போனது. பத்துப் பிள்ளைகளின் தாய். 2003இல் ஒரு கடற்கரையில்தான் உடல் கிடைத்தது. பிள்ளைகளைத் தனித்தனி விடுதிகளில் பிரித்துச் சேர்த்தார்கள். நான் போன சுற்றுலாவில் கோபுரத்தின் உச்சியில் பிரிட்டிஷ் ராணுவம் 2005 வரை வைத்திருந்த கண்காணிப்பு நிலையத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். அந்தத் தாயைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் பேசினார்கள், அதுவும் இரண்டே வாக்கியம். மீன் கடைச் சிறுமிகளின் பெற்றோரையோ அந்தத் தாயின் பிள்ளைகளையோ வழிகாட்டியாக யாரும் பார்த்திருக்கிறீர்களா?

பொருநைக்கரை:

கருவேலம் தம்பி, நீங்கள் சொல்வது எனக்கு உறைக்கிறது. அந்தக் கோபுரத்தைத் தாண்டித்தான் நடந்தோம். நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியாது. மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் மாலை மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி அந்தக் கதவுக்குப் போனேன். மூடுவதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, தூறல். ஒளிரும் மேலங்கி போட்ட ஒருவர் வேனிலிருந்து இறங்கிக் கதவைத் தள்ளத் தொடங்கினார். பாதி வந்ததும் நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு கையிலும் கடைப் பைகளோடு ஒரு பெண் வேகமாக வந்தார். அவர் தினமும் அந்த நேரத்துக்கு வருகிறவர் போல. அந்தப் பெண் நுழைந்தபோது அந்த மனிதர் ஒரு பையை வாங்கி, அந்தப் பக்கம் போனதும் திருப்பிக் கொடுத்தார். பிறகு கதவை முழுதாகத் தள்ளிப் பூட்டினார். பூட்டு விழுந்ததை இரண்டு முறை இழுத்துச் சரிபார்த்தார்.