கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களிலிருந்து எங்கள் கதைகளுக்குள் வந்தவை

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

குற்றக்கதை எழுதுபவர்கள் தங்களுக்குத் தூண்டுதலாக இருந்த பழைய படங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தை எழுதுகிறேன்.

நான் எழுதிய முதல் ஏழெட்டுக் கதைகளில் ஒரே குறைதான் திரும்பத் திரும்ப வந்தது. கொலை நடந்த விதத்தை நிமிடக் கணக்கில் திட்டமிட்டுவிடுவேன். ஆனால் சாட்சி சொல்ல வருபவர்கள் எல்லாரும் ஒரே குரலில், எனக்கு வேண்டிய தகவலை ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு வார இதழ் கதையைத் திருப்பி அனுப்பியபோது, கொலையாளியைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கதையில் சொந்த வாழ்க்கை இல்லை என்று ஆசிரியர் ஓரத்தில் குறித்திருந்தார். அது எனக்கு மிகவும் வலித்தது. அதன் பொருளோ அப்போது விளங்கவில்லை.

விளங்கியது, ‘அந்த நாள்’ படத்தை மறுபடியும் பார்த்த இரவில். 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் வந்த அந்தப் படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. அதை இயக்கியவரோ வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் என்பதை நினைக்கும்போதெல்லாம் அவருடைய துணிவின்மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது. 1943-இல் சென்னையின்மீது ஜப்பானியர் குண்டு வீசிய மறுநாள் காலையில், சிவாஜி கணேசன் நடித்த ராஜன் என்னும் வானொலிப் பொறியாளர் தம் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். திரைக்கதையை எழுதிய ஜாவர் சீதாராமனே சி.ஐ.டி. அதிகாரியாக வந்து, மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்லி ஐயத்தை இன்னொருவர்மேல் திருப்பிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும்போதே தம் மனத்தில் இருக்கும் பேராசையையோ வெறுப்பையோ தம்மை அறியாமல் காட்டிவிடுகிறார்கள். சாட்சி சொல்பவரின் கதை முதலில் சொல்பவரைப் பற்றியது, கொலையைப் பற்றியது அதற்குப் பிறகுதான் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். (முடிவை இங்கே எழுதவில்லை, பார்க்காதவர்கள் யாராவது இருக்கக்கூடும்.)

அன்றுமுதல், கதையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு சாட்சிக்கும் தனித்தாள் ஒன்று எடுத்து, கொலைக்குத் தொடர்பே இல்லாமல் அவர் மறைக்க விரும்பும் ஒன்றை எழுதி வைக்கிறேன். வைசியாள் வீதியில் நடப்பதாக நான் எழுதிய ஒரு கதையில், விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட வரும் பெண், ஐந்தரை மணிக்குத் தெருவில் யாரையும் பார்க்கவில்லை என்று போலீசாரிடம் உறுதியாகச் சொல்கிறாள். உண்மையில் அன்று அவளுக்குக் காய்ச்சல். தனக்குப் பதிலாகப் பத்து வயது மகளை அனுப்பியிருந்தாள். அது தெரிந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் பொய் சொல்கிறாள். கொலையாளியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்த அந்தச் சிறுமியிடம் கடைசிவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் எழுதியவற்றில் எனக்கு நிறைவு தந்த முதல் கதை அதுதான்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலப் படங்களில் சன்னல் கம்பிகளின் நிழல் ஒருவர் முகத்தில் கோடு கோடாக விழுவதைக் கண்டு, மர்மக் கதை என்றால் இரவில்தான் நடக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் துமா வீதிப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றில், சித்திரை வெயிலுக்காக மரப்பலகைச் சன்னல்களைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது, எதிரே இருந்தவரின் சட்டையிலும் கன்னத்திலும் அதே கோடுகளை நண்பகலில் கண்டேன். ஊரே உறங்கும் மதியம் இரண்டு மணி எங்கள் ஊரில் நள்ளிரவுக்கு ஈடானது. இப்போது என் கதைகளில் பெரும்பாலான குற்றங்கள் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன.

கடலூர், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

முத்தியால்பேட்டை அம்மையார் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி எழுதினார். எனக்குத் தூண்டுதலாக இருந்தது காது. ஜெர்மானிய இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த ‘எம்’ அவருடைய முதல் பேசும் படம். குழந்தைகளைக் கொல்லும் ஒருவனை நகரமே தேடும்போது, அவன் வழக்கமாகச் சீட்டியடிக்கும் மெட்டைக் கேட்டு அவனை அடையாளம் கண்டுகொள்பவர், தெருவில் பலூன் விற்கும் கண்பார்வையற்ற முதியவர்.

அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்கு என் அப்பாயியின் நினைவு வந்தது. பார்வை போன பிறகு அவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே, வருபவர் யார் என்பதைச் செருப்பு ஓசையைக் கொண்டும் இருமலைக் கொண்டும் சொல்லிவிடுவார். அவரை வைத்து ஒரு கதை எழுதினேன். முதுநகர் அரிசி மண்டி ஒன்றின் கணக்குப்பிள்ளை எப்போதும் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடப்பவர். மண்டி முதலாளி இறந்துகிடந்த மறுநாள் அவர் துக்கம் விசாரிக்க வரும்போது, அந்தக் கிழவி, “சாவியைக் கையில் பொத்திக்கொண்டு வருகிறாயே, ஏனப்பா?” என்று மட்டும் கேட்கிறார். படத்தில் ஓசை காட்டிக்கொடுத்தது. என் கதையில் ஓசை இல்லாததே காட்டிக்கொடுத்தது.

மீண்டும் முத்தியால்பேட்டையிலிருந்து:

கடலூர் ஐயாவின் கதையில் அந்தக் கிழவி சாவியைப் பற்றிக் கேட்ட கேள்வி இரண்டு நாளாக என் மனத்தை விட்டு அகலவில்லை. ஐயா கடலூர்க்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. கரோல் ரீட் இயக்கிய ‘தி தேர்ட் மேன்’ (1949) படத்தில், போருக்குப் பிந்தைய வியன்னா நகரம் நான்கு நாடுகளின் ஆட்சியில் துண்டுபட்டுக் கிடக்கிறது. ஒரு பகுதியில் தேடப்படுபவன் வேறொரு பகுதியில் ஒளிந்துகொள்ள முடிகிறது. இதை நாம் வெளியூர்ப் புதுமையாக எண்ணத் தேவையில்லை. பாரதியார் 1908 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரியில் இருந்தபோது, ஆங்கிலேயரின் ஒற்றர்கள் அவரைச் சுற்றித் திரிந்தும், பிரெஞ்சு எல்லைக்குள் அவரைக் கைது செய்ய முடியவில்லை. 1918 நவம்பரில் அவர் எல்லையைத் தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். இன்றும் புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. பாகூர்ப் பக்கம் போனால் ஒரு கிராமம் இந்தப் பக்கம், அடுத்தது தமிழ்நாடு.

ஆகவே, பிரெஞ்சு ஆட்சியின் கடைசி ஆண்டான 1954-இல் நடப்பதாக ஒரு கதையைத் தொடங்கியிருக்கிறேன். எல்லையோர வயலில் ஒரு பிணம் கிடக்கிறது. தலை ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம், கால்கள் அந்தப் பக்கம். இரண்டு ஊர்க் காவலர்களும் வந்து நிற்கிறார்கள். அந்த வரப்பை முதல்நாள் இரவு வெட்டி நகர்த்தியவர் யார் என்பதைத் தான் முதல் அத்தியாயத்தின் கடைசி வரியாக வைத்திருக்கிறேன்.